பச்சை டிக் எங்கே? – லினக்ஸ் கேள்வி பதில்

டெல்டா மாவட்ட வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில், ஃபைல் சிங்க், அதாவது நெக்ஸ்ட்கிளவுட் சர்வர் வழியாக ஒரே ஃபைல்களைப் பல கம்ப்யூட்டர்களில் ஒன்றுபோல் வைத்திருப்பது தொடர்பானவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். டெர்மினல் கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பிலேயே அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டவும். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தை அங்கங்கே குறிப்பிட்டுள்ளோம்.

கேள்வி: அச்சகக் கம்ப்யூட்டரில் உபுண்டு 24.04 இருக்கிறது. நெக்ஸ்ட்கிளவுட் ஆப்பை ஃப்ளாட்பேக் வழியாகப் போட்டேன். அழைப்பிதழ் டிசைன்கள் வீட்டு லேப்டாப்புக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கின்றன. ஆனால் ஃபைல் மேனேஜரில் ஃபைல்களின் மேல் வர வேண்டிய பச்சை டிக் வரவில்லை. ரைட் கிளிக் செய்தால் ஷேர் மெனுவும் இல்லை. எது ஏறிவிட்டது, எது ஏறவில்லை என்று தெரியாமல் கடையைப் பூட்டப் பயமாக இருக்கிறது.
– அச்சக உரிமையாளர், கும்பகோணம்

பதில்: சிங்க் நடக்கிறது என்பதால் உங்கள் அக்கவுன்ட், சர்வர், இன்டர்நெட் மூன்றிலும் கோளாறு இல்லை. அந்தப் பக்கமே போக வேண்டாம். பச்சை டிக் போடுவது நெக்ஸ்ட்கிளவுட் ஆப் அல்ல. நாட்டிலஸ் ஃபைல் மேனேஜருக்குள் ஓடும் ஒரு சிறிய பைத்தான் நீட்சிதான் (எக்ஸ்டென்ஷன்) அந்த வேலையைச் செய்கிறது. 'இந்த ஃபைலின் நிலை என்ன?' என்று அது ஆப்பைக் கேட்கும், பதிலுக்குத் தக்கபடி படத்தை ஒட்டும். இருவரும் பேசிக்கொள்வது சாக்கெட் என்ற வாசல் வழியாக. ஃப்ளாட்பேக் வழியாகப் போட்ட ஆப் சான்ட்பாக்ஸ் என்ற தனி அறைக்குள் அடைபட்டு இருக்கிறது, நீட்சியோ வெளியே இருக்கிறது. நடுவில் சுவர். உங்கள் கம்ப்யூட்டரில் நீட்சியே இல்லாமல் இருக்கலாம், அல்லது நீட்சி இருந்தும் சாக்கெட் வெளியே தெரியாமல் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டுமே சேர்ந்திருக்கும்.

முதலில் நீட்சி. ஃப்ளாட்பேக் ஆப் தன்னுடைய மெனு ஐகானையும் அதுபோன்ற சிலவற்றையும் மட்டும்தான் வெளியே தர முடியும். ஃபைல் மேனேஜருக்கான நீட்சியை உங்கள் சிஸ்டத்தில் வைக்க அதற்கு வழியில்லை. அதை நீங்கள்தான் போட வேண்டும். உபுண்டுவில் 'பைத்தான்3-நாட்டிலஸ்' என்ற பேக்கேஜை ஆப்ட் என்ற நிறுவும் கட்டளை மூலம் போடுங்கள். பைத்தான் நீட்சிகளை நாட்டிலஸ் படிக்க இது கட்டாயம் வேண்டும். நீட்சி இருப்பது 'நாட்டிலஸ்-நெக்ஸ்ட்கிளவுட்' என்ற பேக்கேஜில். இதை நேரடியாக இன்ஸ்டால் செய்தால் நெக்ஸ்ட்கிளவுட்டின் டெப் பதிப்பையும் (ஆப்ட் நிறுவும், சான்ட்பாக்ஸ் இல்லாத வகை) கூடவே இழுத்து வரும். அதனால் வரும் தொல்லை அடுத்த கேள்வியில் இருக்கிறது. எனவே 'ஆப்ட் டவுன்லோடு நாட்டிலஸ்-நெக்ஸ்ட்கிளவுட்' என்று கொடுத்து, டெப் ஃபைலை மட்டும் இறக்குங்கள். பிறகு 'டிபிகேஜி -எக்ஸ்', அதை அடுத்து ஃபைலின் பெயர், ஒரு காலி ஃபோல்டரின் பெயர் என்று கொடுத்துப் பிரியுங்கள். உள்ளே யூஎஸ்ஆர், ஷேர், நாட்டிலஸ்-பைத்தான், எக்ஸ்டென்ஷன்ஸ் என்று இறங்கிப் போனால் 'சிங்க்ஸ்டேட்' என்று தொடங்கும் பைத்தான் ஃபைல் ஒன்று இருக்கும். அதை உங்கள் ஹோம் ஃபோல்டரில் மறைந்திருக்கும் '.லோக்கல்', அதற்குள் ஷேர், நாட்டிலஸ்-பைத்தான், எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற இடத்தில் காப்பி செய்யுங்கள். அந்த ஃபோல்டர்கள் இல்லாவிட்டால் உருவாக்கிக்கொள்ளுங்கள். எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதன் கடைசி எஸ்ஸை விட்டுவிட்டால் நாட்டிலஸ் அந்த ஃபோல்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

22.04 வைத்திருக்கும் நண்பரிடமிருந்து இந்த ஃபைலை வாங்கிப் போட வேண்டாம். 2022 செப்டம்பரில் வந்த 43ஆம் பதிப்பில் நாட்டிலஸ், ஜன்னல்களை வரையும் கருவித்தொகுப்பான ஜிடிகே 4-க்கு மாறியது. அத்தோடு நீட்சிகளுக்கான இணைப்பு முறையும் 3.0-விலிருந்து 4.0 ஆனது. பழைய முறையை மட்டும் தெரிந்த நீட்சி புதிய நாட்டிலஸில் சத்தமில்லாமல் செத்துப்போகும், திரையில் ஒரு செய்தியும் வராது. சந்தேகம் இருந்தால் 'நாட்டிலஸ் -க்யூ' என்று கொடுத்து ஃபைல் மேனேஜரை முழுதாக நிறுத்திவிட்டு, அதே டெர்மினலில் 'நாட்டிலஸ்' என்று தட்டித் திறங்கள். நீட்சியில் பிழை இருந்தால் அங்கே பைத்தான் பிழைச் செய்தி வரிவரியாக வரும்.

அடுத்தது சாக்கெட். ஆப் ஓடிக்கொண்டிருக்கும்போது டெர்மினலில் 'எஸ்எஸ் -எக்ஸ்எல்' என்று தட்டி, வரும் பட்டியலில் நெக்ஸ்ட்கிளவுட் என்ற பெயரைத் தேடுங்கள். /ரன்/யூசர்/1000/நெக்ஸ்ட்கிளவுட்/சாக்கெட் என்பது போல ஒரு வரி இருக்கும் (இதில் நெக்ஸ்ட்கிளவுட்டின் முதல் எழுத்து பெரிய என்). 1000 என்பது உங்கள் யூசர் எண், சிலருக்கு 1001 ஆக இருக்கலாம். இப்போது அதே இடத்தை 'எல்எஸ்' போட்டுப் பாருங்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது, எல்எஸ் போட்டால் 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்கிறது என்றால் காரணம் உறுதி. சாக்கெட் சான்ட்பாக்ஸின் உள்ளே திறந்திருக்கிறது, வெளியே அதன் நிழல்கூட இல்லை.

சரிசெய்ய, ஃப்ளாட்பேக் ஆப்களின் பெர்மிஷனை மாற்றும் ஃப்ளாட்சீல் என்ற ஆப்பைப் போடுங்கள். இடது பட்டியலில் நெக்ஸ்ட்கிளவுட்டைத் தேர்ந்து, ஃபைல்சிஸ்டம் பகுதியில் 'அதர் ஃபைல்ஸ்' என்பதன் அருகிலுள்ள கூட்டல் குறியை அழுத்தி, எக்ஸ்டிஜி-ரன்/நெக்ஸ்ட்கிளவுட்:கிரியேட் என்று எழுதுங்கள். நெக்ஸ்ட்கிளவுட் என்பதில் முதல் எழுத்து பெரிய என், மற்றவை சிறியவை. அந்த வரி ஏற்கெனவே இருந்தால் தொட வேண்டாம்.

கடைசியில் வரும் ':கிரியேட்' என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். /ரன் என்பது ரேமில் இருக்கும் இடம், கம்ப்யூட்டரை அணைத்தால் துடைத்துப் போய்விடும். மறுநாள் ஆப் கிளம்பும்போது அங்கே அந்த ஃபோல்டர் இருக்காது. இல்லாத ஃபோல்டரை ஃப்ளாட்பேக் இணைக்காமல் தாண்டிப் போய்விடும். நேற்று வந்த டிக் இன்று காணோம் என்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் சறுக்கியவர்களே.

பெர்மிஷன் மாற்றம் ஓடிக்கொண்டிருக்கும் ஆப்புக்குப் பொருந்தாது. ஜன்னலை மூடினால் போதாது, ஆப் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருக்கும். மேல் பட்டையில் உள்ள ஐகானின் மெனுவில் க்விட் கொடுத்து, மறுபடி திறந்து, எல்எஸ் போட்டு சாக்கெட் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் 'நாட்டிலஸ் -க்யூ' கொடுத்துவிட்டு ஃபோல்டரைத் திறங்கள்.

இப்போது ரைட் கிளிக் மெனு வந்துவிட்டது, டிக் மட்டும் வரவில்லை என்றால் இருவரும் பேசத் தொடங்கிவிட்டார்கள், ஒட்டுவதற்குப் படம் இல்லை என்று பொருள். நெக்ஸ்ட்கிளவுட்_ஓகே, நெக்ஸ்ட்கிளவுட்_சிங்க் போன்ற பெயர்களில் உள்ள படங்கள் உங்கள் சிஸ்டத்தின் ஐகான் ஃபோல்டரில் இருக்க வேண்டும். நெக்ஸ்ட்கிளவுட்டின் மற்ற டெப் பேக்கேஜ்களையும் இதேபோல் டவுன்லோடு மட்டும் செய்து பிரித்து, ஐகான்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஹைகலர் என்ற ஃபோல்டரைத் தேடுங்கள். அதை ஹோமில் உள்ள '.லோக்கல்', ஷேர், ஐகான்ஸ் என்ற இடத்தில் அளவு வாரியான உள்ஃபோல்டர்கள் கலையாமல் வையுங்கள். லாக் அவுட் செய்து வந்தால் படங்கள் வரும்.

இன்னும் வரவில்லையா? நெக்ஸ்ட்கிளவுட் செட்டிங்ஸில் சிங்க் ஆகும் ஃபோல்டரின் முழுப் பாதையைப் படியுங்கள். அது /ரன்/யூசர்/1000/டாக் என்று தொடங்கினால், அந்த ஃபோல்டரை ஆப் நேரடிப் பெர்மிஷன் இல்லாமல், போர்ட்டல் என்ற இடைவழியாக எட்டிப் பார்க்கிறது. ஆப் அந்தப் பாதையைச் சொல்கிறது, நாட்டிலஸுக்குத் தெரிந்ததோ /ஹோம் என்று தொடங்கும் பாதை. இரண்டும் பொருந்தாததால் டிக் விழாது. அந்த ஃபோல்டருக்கு ஃப்ளாட்சீலில் பெர்மிஷன் கொடுத்து, ஆப்பில் அந்த சிங்க் இணைப்பை நீக்கிவிட்டு, சரியான பாதையில் மீண்டும் சேருங்கள். இணைப்பை நீக்குவதால் ஃபைல்கள் அழியாது.

எதுவும் புரியாமல் ஃப்ளாட்சீலில் உள்ள எல்லா சுவிட்சையும் ஆன் செய்துவிடச் சொல்லும் ஆலோசனையை ஏற்காதீர்கள். அப்படிச் செய்தாலும் இந்தப் பிரச்சினை தீராது. ஃபைல்சிஸ்டம் முழுவதற்கும் அனுமதி கொடுத்தால்கூட /ரன் அதில் சேராது. வாடிக்கையாளர்களின் போட்டோவும் முகவரியும் இருக்கும் கம்ப்யூட்டரில் பாதுகாப்பு போனதுதான் மிச்சமாகும்.

கேள்வி: லினக்ஸ் மின்ட் 22. ஃப்ளாட்பேக்கில் நெக்ஸ்ட்கிளவுட் இருந்தது. நீமோ ஃபைல் மேனேஜரில் டிக் வர வேண்டும் என்று நீமோ-நெக்ஸ்ட்கிளவுட் பேக்கேஜைப் போட்டோம். டிக் வந்தது. ஆனால் அன்றிலிருந்து நெல் வரவு, அரவைக் கூலி கணக்கு ஃபைல்கள் எல்லாம் 'கான்ஃப்ளிக்டட் காப்பி' என்று தேதியோடு இரண்டு இரண்டாக வருகின்றன.
– அரிசி ஆலைக் கணக்கர், மன்னார்குடி

பதில்: உங்கள் கம்ப்யூட்டரில் இப்போது இரண்டு நெக்ஸ்ட்கிளவுட் ஓடுகிறது. 'ஃப்ளாட்பேக் லிஸ்ட்' என்று தட்டினால் ஒன்று தெரியும், 'டிபிகேஜி -எல்' பட்டியலில் இன்னொன்று தெரியும். இரண்டும் ஒரே ஃபோல்டரை ஒரே நேரத்தில் தொடுகின்றன. ஒன்று ஏற்றி முடிப்பதற்குள் மற்றொன்று பழையதைப் பிடித்துக்கொண்டு முரண்படுகிறது.

ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். ஆலைக் கணக்குக்கு டிக்கும் ரைட் கிளிக் மெனுவும் அவசியம் என்றால் டெப் பதிப்பை வைத்துக்கொள்வதே நல்லது. சான்ட்பாக்ஸ் இல்லாததால் முதல் கேள்வியில் சொன்ன எந்த வேலையும் உங்களுக்கு இல்லை. புதிய பதிப்பு உடனுக்குடன் வராது, அந்தக் குறை தாங்கக்கூடியதே.

இரண்டிலும் க்விட் கொடுங்கள். சிங்க் ஃபோல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் காப்பி எடுங்கள். இந்தப் படியைத் தாண்ட வேண்டாம். பிறகு ஃப்ளாட்பேக் பதிப்பை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். டெப் பதிப்பைத் திறந்து அக்கவுன்ட் சேர்க்கும்போது, ஏற்கெனவே இருக்கும் அதே ஃபோல்டரைக் காட்டுங்கள். அப்போது இரண்டு தேர்வுகள் வரும். 'கீப் லோக்கல் டேட்டா' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'கிளீன் சிங்க்' என்று வரும் மற்றது உங்கள் ஃபோல்டரை அழித்துவிட்டு சர்வரில் உள்ளதை இறக்கும்.

இரட்டை ஃபைல்களைத் தேதியை மட்டும் பார்த்து அழிக்கக் கூடாது. லிப்ரே ஆபீஸ் கால்க்கில் ஒன்றைத் திறந்து, எடிட் மெனுவில் ட்ராக் சேஞ்சஸ், அதில் கம்பேர் டாக்குமென்ட் போய் மற்றதைக் காட்டினால் எந்தக் கட்டத்தில் எண் மாறியிருக்கிறது என்று தெரியும். கொள்முதல் நேரத்தில் ஒரு மூட்டை விட்டுப்போனாலும் கணக்கு இடிக்கும். எனவே பொறுமையாக ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இது முடிந்த பிறகும் எப்போதாவது இரட்டை வந்தால், ஆலையிலும் வீட்டிலும் ஒரே ஃபைலை ஒரே நேரத்தில் திறந்து வைத்திருக்கிறீர்கள் என்று பொருள். லிப்ரே ஆபீஸ் போடும் பூட்டு ஃபைலை நெக்ஸ்ட்கிளவுட் சிங்க் செய்யாமல் விட்டுவிடுவதால் 'வேறொருவர் திறந்திருக்கிறார்' என்ற எச்சரிக்கை அடுத்த கம்ப்யூட்டருக்குப் போகாது.

கேள்வி: கம்ப்யூட்டரை ஆன் செய்யும் ஒவ்வொரு முறையும் நெக்ஸ்ட்கிளவுட் மறுபடி லாகின் கேட்கிறது.
– இ-சேவை மையம், பாபநாசம்

பதில்: பாஸ்வேர்டு கேட்காமல் நேராக டெஸ்க்டாப்புக்குப் போகும்படி ஆட்டோமேட்டிக் லாகின் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஆப்பின் லாகின் சாவி கீரிங் என்ற பாஸ்வேர்டு பெட்டகத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் லாகின் பாஸ்வேர்டு தட்டும்போதுதான் அந்தக் கீரிங் திறக்கும். ஆட்டோமேட்டிக் லாகினில் தட்டுவதற்கு எதுவும் இல்லை, எனவே அது பூட்டியே கிடக்கிறது. ஆட்டோமேட்டிக் லாகினை நிறுத்துங்கள். கீரிங்குக்குக் காலி பாஸ்வேர்டு வைத்தும் சமாளிக்கலாம், ஆனால் பொதுமக்களின் சான்றிதழ்கள் இருக்கும் இ-சேவை கம்ப்யூட்டரில் அதைச் செய்யக் கூடாது. ஆட்டோமேட்டிக் லாகின் இல்லாமலேயே இந்தத் தொல்லை வந்தால் ஃப்ளாட்சீலில் செஷன் பஸ் பகுதியைத் திறந்து, 'டாக்ஸ்' (பேசுவது என்ற பொருளில்) பட்டியலில் ஆர்க்.ஃப்ரீடெஸ்க்டாப்.சீக்ரெட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் சேருங்கள்.

கேள்வி: ஃபெடோராவுக்கு மாறினேன். நெக்ஸ்ட்கிளவுட் ஃப்ளாட்பேக்கின் ஐகான் மேல் பட்டையில் வரவே இல்லை. 'லாஞ்ச் ஆன் ஸ்டார்ட்அப்' டிக் செய்தும் தானாகத் தொடங்குவதில்லை.
– கல்லூரி மாணவி, திருவாரூர்

பதில்: இரண்டும் தனித்தனிக் காரணங்கள்.

ஃபெடோராவின் டெஸ்க்டாப்பான க்னோம் 2017இல் 3.26ஆம் பதிப்போடு பழைய ட்ரே ஐகான் வசதியை எடுத்துவிட்டது. உபுண்டு அதற்கான நீட்சியைத் தானே சேர்த்துத் தருகிறது, ஃபெடோரா தருவதில்லை. 'க்னோம்-ஷெல்-எக்ஸ்டென்ஷன்-ஆப்இண்டிகேட்டர்' என்ற பேக்கேஜை ஃபெடோராவின் நிறுவும் கட்டளையான டிஎன்எஃப் மூலம் போட்டு, லாக் அவுட் செய்து வந்து, எக்ஸ்டென்ஷன்ஸ் ஆப்பில் அதை ஆன் செய்யுங்கள். ஃபெடோராவின் திரை அமைப்பான வேலண்டில் லாக் அவுட் செய்யாமல் புதிய நீட்சி ஏறாது. ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய க்னோமுக்கு மாறுகிறது, ஒவ்வொரு மாற்றத்திலும் நீட்சிகள் அடிபடும். 2023இல் க்னோம் 45 நீட்சிகள் எழுதப்படும் முறையையே மாற்றியதால் அதற்கு முந்தையவை எதுவும் அப்படியே ஓடவில்லை. இணையதளத்திலிருந்து எடுத்துப் போடுவதைவிட டிஎன்எஃப் வழியாகப் போட்டால் சிஸ்டத்தோடு சேர்ந்தே அதுவும் அப்டேட் ஆகும்.

ஐகான் இல்லாத நேரத்தில் அவசரம் என்றால் ஆப் மெனுவிலிருந்து நெக்ஸ்ட்கிளவுட்டை இன்னொரு முறை கிளிக் செய்யுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஆப்பின் ஜன்னல் திறக்கும்.

ஸ்டார்ட்அப் விஷயம், முதல் கேள்வியில் சொன்ன சான்ட்பாக்ஸ் சுவரால் வருவது. அந்த டிக்கைச் செய்ததும் ஆப் 'ஆட்டோஸ்டார்ட்' ஃபோல்டரில் ஒரு ஃபைல் எழுத வேண்டும். சான்ட்பாக்ஸுக்குள் கான்ஃபிக் ஃபோல்டர் என்றால் அது '.வார்' ஃபோல்டருக்குள் அந்த ஆப்புக்கென்று இருக்கும் தனி இடம். ஃபைல் அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது, டெஸ்க்டாப்போ '.கான்ஃபிக்' ஃபோல்டரில் தேடுகிறது. க்னோம் ட்வீக்ஸ் என்ற ஆப்பில் ஸ்டார்ட்அப் அப்ளிகேஷன்ஸ் போய் நெக்ஸ்ட்கிளவுட்டைச் சேர்த்துவிடுங்கள். ஆப்பிற்குள் உள்ள டிக்கை எடுத்துவிடலாம்.

கேள்வி: கோயில் கல்வெட்டுப் படங்களையும் ஊர்க் குறிப்புகளையும் தமிழிலேயே பெயர் வைத்து சிங்க் செய்கிறோம். ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள் ஒரே ஃபோல்டரில் தெரிகின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறது. இது எப்படிச் சாத்தியம்? சில ஃபைல்கள் இறங்கவே மறுக்கின்றன.
– ஆய்வு மாணவர்கள், தஞ்சாவூர்

பதில்: கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. 'கொடுமுடி' என்ற சொல்லின் முதல் எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்துக்குப் பின் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம் (எண் 0பிசிஏ). முன்னால் நிற்கும் கொம்பு, பின்னால் நிற்கும் கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம் (0பிசி6, 0பிபிஇ). திரையில் இரண்டும் அச்சாக ஒன்றே. லினக்ஸின் ஃபைல்சிஸ்டம் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைத்தான் பார்க்கிறது. எனவே இரண்டையும் வெவ்வேறு பெயர் என்று ஏற்றுக்கொள்கிறது. சர்வர் அவற்றை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும்போது குழப்பம் தொடங்குகிறது. ஒ, ஓ, ஔ வரிசை உயிர்மெய்கள் உள்ள பெயர்களில்தான் இது வரும். பிரிந்த வடிவம் பெரும்பாலும் பழைய மேக் கம்ப்யூட்டரில் இருந்து வந்த ஜிப் ஃபைல்களிலும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய ஃபைல்களிலும் இருக்கும்.

'கான்வ்எம்வி' என்ற கருவி இதற்கென்றே இருக்கிறது, ஆப்டில் கிடைக்கும். எல்லாக் கம்ப்யூட்டரிலும் சிங்கைத் தற்காலிகமாக நிறுத்தி (பாஸ்) வையுங்கள். ஒரே ஒரு கம்ப்யூட்டரில், சிங்க் ஃபோல்டருக்குள் நின்றுகொண்டு 'கான்வ்எம்வி -எஃப் யூடிஎஃப்8 -டி யூடிஎஃப்8 --என்எஃப்சி -ஆர் .' என்று தட்டுங்கள். கடைசியில் உள்ள புள்ளியும் கட்டளையில் சேர்ந்தது. இது எதையும் மாற்றாது, எவற்றை மாற்றப்போகிறது என்று பட்டியல் மட்டும் தரும். பட்டியலைப் படித்துச் சரியென்று தெரிந்தால் அதே கட்டளையோடு '--நோடெஸ்ட்' சேர்த்து மறுபடி கொடுங்கள். இரண்டு வடிவமும் ஒரே ஃபோல்டரில் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றை எழுதாமல் தாண்டிவிடும். அவற்றில் ஒன்றுக்குக் கையால் வேறு பெயர் வையுங்கள். எல்லாம் முடிந்தபின் இந்தக் கம்ப்யூட்டரின் சிங்கை முதலில் தொடங்கி, அது நிறைவடைந்த பிறகு மற்றவற்றைத் தொடங்குங்கள்.

இந்தக் கருவியாலும் பிடிக்க முடியாத ஒன்று உண்டு. 'ஔவையார்' என்பதை ஔ போட்டு எழுதாமல் ஒகரமும் ளகரமும் சேர்த்து 'ஒளவையார்' என்று தட்டுகிறோமே, அது யூனிகோடின் கணக்கில் வேறு சொல். அதைக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும். பெயர் வைக்கும் குழுவில் எல்லோரும் ஒரே கீபோர்டு முறையைப் பயன்படுத்தினால் இந்த வகைப் பிழை கணிசமாகக் குறையும்.

இறங்க மறுக்கும் ஃபைல்களின் பெயர் நீளமாக இருக்கிறதா பாருங்கள். எக்ஸ்ட்4 ஃபைல்சிஸ்டத்தில் ஒரு பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனிக் குறிகள். 'தஞ்சாவூர்' என்பதில் நமக்கு 5 எழுத்து, யூனிகோடுக்கு 9 குறி, ஆக 27 பைட். மொத்தம் 85 குறிகளுக்கு மேல் ஒரு பெயர் போக முடியாது. இறக்கும்போது ஆப் தற்காலிகமாகப் பெயரின் முன்னும் பின்னும் சில எழுத்துகளை ஒட்டிக்கொள்ளும் என்பதால் 60 குறிக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஊர், கோயில், பிராகாரம், திசை, ஆண்டு எல்லாவற்றையும் ஃபைல் பெயரிலேயே எழுதாமல், ஊருக்கும் கோயிலுக்கும் ஃபோல்டர் போட்டுவிட்டால் தேடவும் வசதி. 255 என்ற வரம்பு ஒவ்வொரு ஃபோல்டர் பெயருக்கும் தனித்தனி. குழுவில் யாராவது விண்டோஸ் வைத்திருந்தால் கேள்விக்குறி, முக்காற்புள்ளி, நட்சத்திரக் குறி மூன்றையும் பெயரில் தவிர்க்க வேண்டும். அவற்றை விண்டோஸ் ஏற்காது.

கேள்வி: லேப்டாப்பில் இடம் இல்லை. யுஎஸ்பி ஹார்ட் டிஸ்கில் உள்ள ஃபோல்டரை சிங்க் செய்யலாம் என்றால் ஸ்னாப் வழியாகப் போட்ட ஆப்பில் டிஸ்கே தெரியவில்லை.
– உப்பள அலுவலகம், வேதாரண்யம்

பதில்: ஸ்னாப்பும் ஃப்ளாட்பேக் போல ஆப்பை அடைத்து வைக்கும் முறைதான். அதன் ஆப்களுக்கு ஹோம் ஃபோல்டர் வரை அனுமதி இருந்தாலும் வெளி டிஸ்குக்குத் தனி அனுமதி வேண்டும், அது தானாகக் கிடைக்காது. செட்டிங்ஸில் ஆப்ஸ் போய் அந்த ஆப்பின் பெர்மிஷனில் ரிமூவபிள் ஸ்டோரேஜ் சுவிட்சை ஆன் செய்யுங்கள். அல்லது டெர்மினலில் 'சூடோ ஸ்னாப் கனெக்ட்' என்று கொடுத்து, ஆப்பின் பெயரோடு ':ரிமூவபிள்-மீடியா' சேர்த்துத் தட்டுங்கள். ஹோமில் புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்கள் ஸ்னாப்புக்குத் தெரியாது, அவற்றை சிங்க் செய்ய முயல வேண்டாம்.

இதைவிட முக்கியம் டிஸ்க் செருகப்படாத நாளில் என்ன ஆகும் என்பது. டிஸ்க்ஸ் ஆப்பில் அந்தப் பார்ட்டிஷனின் கியர் குறியை அழுத்தி, எடிட் மவுன்ட் ஆப்ஷன்ஸில் 'யூசர் செஷன் டிஃபால்ட்ஸ்' சுவிட்சை அணைத்து, மவுன்ட் பாயின்ட்டாக /எம்என்டி/உப்பு என்பது போல ஒரு நிலையான இடம் கொடுங்கள். ஆப்ஷனில் 'நோஃபெயில்' என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் டிஸ்க் செருகாத நாளில் கம்ப்யூட்டர் பூட் ஆகும்போதே நின்றுவிடும்.

சிங்க் ஃபோல்டராக /எம்என்டி/உப்பு என்பதையே காட்டக் கூடாது. டிஸ்க் உள்ளே 'கணக்கு' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதைக் காட்டுங்கள். டிஸ்க் இல்லாத நாளிலும் /எம்என்டி/உப்பு என்ற காலி ஃபோல்டர் லேப்டாப்பில் இருக்கும். அதைக் காட்டியிருந்தால், எல்லாம் போய்விட்டது என்று நினைத்து ஆப் முழுவதையும் அந்தச் சிறிய இடத்திலேயே இறக்கத் தொடங்கலாம். 'கணக்கு' என்ற உள்ஃபோல்டரைக் காட்டியிருந்தால் அப்படி ஒன்று இல்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தி வருவதே நமக்கு வேண்டியது.

டிஸ்க் விண்டோஸிலும் பயன்பட்டு, எழுத முடியாமல் படிக்க மட்டும் வந்தால் விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்து, முழுதாக ஷட் டவுன் செய்துவிட்டுக் கழற்றுங்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் அடிக்கடி கரன்ட் போகிறது. யுபிஎஸ் இல்லை. நேற்று கரன்ட் வந்து திறந்தபோது சிங்க் பிழை காட்டுகிறது, சில ஃபைல்கள் காலியாக இருக்கின்றன.
– பாரம்பரிய நெல் விதைக் குழு, திருத்துறைப்பூண்டி

பதில்: முதல் வேலை, இன்டர்நெட்டைத் துண்டிப்பது. கரன்ட் போகும் நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் 0 பைட் ஆகியிருக்கலாம். ஆப் அதைப் புதிய மாற்றம் என்று நம்பி, சர்வரில் இருக்கும் நல்ல ஃபைலின் மேல் ஏற்றிவிடும்.

பிறகு சிங்க் ஃபோல்டருக்குள் நின்று 'ஃபைண்ட் . -டைப் எஃப் -எம்ப்டி' என்று தட்டுங்கள். காலியான ஃபைல்களின் பட்டியல் வரும், அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அவற்றை ஃபோல்டரிலிருந்து அழிக்க வேண்டாம், அழிப்பும் சிங்க் ஆகி சர்வரில் உள்ளதும் போய்விடும்.

பிழைச் செய்தி டேட்டாபேஸ் பற்றியது என்றால், ஆப்பில் க்விட் கொடுத்து, ஃபைல் மேனேஜரில் கண்ட்ரோல்-ஹெச் அழுத்தி மறைந்த ஃபைல்களைக் காட்டச் செய்யுங்கள். சிங்க் ஃபோல்டரின் மேல் மட்டத்தில் '.சிங்க்_' என்று தொடங்கி '.டிபி' என்று முடியும் ஃபைல் ஒன்று இருக்கும். அதே பெயரோடு 'வால்', 'எஸ்ஹெச்எம்' என்று முடியும் இரண்டும் கூட இருக்கலாம். எது எப்போது சிங்க் ஆனது என்ற ஆப்பின் குறிப்பேடு அது, உங்கள் விதைக் கணக்கு அதில் இல்லை. மூன்றையும் அழிக்காமல் வேறு ஃபோல்டருக்கு, சிங்க் ஃபோல்டருக்கு வெளியே நகர்த்துங்கள். ஆப்பைத் திறந்தால் புதிய குறிப்பேடு தொடங்கும், இன்டர்நெட் இணைந்ததும் எல்லா ஃபைலையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அதற்கு நேரம் பிடிக்கும், சில கான்ஃப்ளிக்டட் காப்பிகளும் வரலாம். நடுவில் நிறுத்த வேண்டாம்.

கடைசியாக இன்டர்நெட்டை இணைத்து, வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரில் நெக்ஸ்ட்கிளவுட்டைத் திறந்து, தாளில் எழுதிய ஒவ்வொரு ஃபைலின் விவரப் பக்கத்தில் 'வெர்ஷன்ஸ்' பகுதியைப் பாருங்கள். பூங்கார் நெல் பட்டியல் காலியாகி ஏறியிருந்தாலும் அதற்கு முந்தைய பதிப்பு அளவோடும் நேரத்தோடும் அங்கே இருக்கும். மீட்டெடுக்கும் குறியை அழுத்தினால் அது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இறங்கும். பழைய பதிப்புகளை சர்வர் காலப்போக்கில் தானே குறைத்துக்கொண்டு வரும் என்பதால் இதை அறுவடை முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்யுங்கள்.